பாடசாலையில் நடனம் யாருக்காகக் கற்பிக்கப்படுகிறது?

வாசகர் கேள்வி, 2025 பெப்ரவரி 2

எனது மகள் இந்த ஆண்டு தரம் 10க்கு வந்திருக்கிறாள். சாதாரண தரப் பரீட்சைக்குத் தெரிவு செய்யும் இரண்டாம் தொகுதிப் பாடமாக நடனத்தை எடுக்க விரும்புகிறாள். வெளியில் எந்த நடன வகுப்புக்கும் அவள் சென்றதில்லை. தரம் 6 முதல் பாடசாலையில் கற்றது மட்டுமே. உறவினர்கள் எல்லோரும் தமிழ் இலக்கிய நயத்தை எடுக்கும்படி சொல்கிறார்கள். நடனம் ஒரு குருவிடம் ஆண்டுக்கணக்கில் பயில வேண்டிய கலை என்றும், அதை நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் அடைத்து வினாத்தாள் கொடுத்துப் புள்ளி போடுவதில் பொருளில்லை என்றும் அவளுடைய தந்தை கூறுகிறார். எனக்கும் அவ்வாறே தோன்றுகிறது. பாடசாலைகளில் நடனத்தை ஒரு பாடமாக வைத்திருப்பது உண்மையிலேயே தேவைதானா?

2025 பெப்ரவரி 2, இரவு

தேவை. உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளுக்காகவே தேவை.

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் உள்ள பாடசாலைகளில் நீண்ட காலமாக நடனம், அதாவது பரதநாட்டியம், கற்பித்து வருகிறேன். வெளியில் கட்டணம் செலுத்திக் கற்கும் பிள்ளைக்குப் பாடசாலையில் நடனம் இல்லாமற் போனாலும் பெரிய இழப்பில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு குரு இருக்கிறார். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் இருக்கின்றன. வெளிநாட்டிலுள்ள மாமாவோ சித்தியோ உதவினால் ஓர் அரங்கேற்றமும் நடக்கக்கூடும். கட்டணமும், உடையும், சலங்கையும், மாலையில் கூட்டிச் சென்று கூட்டி வருவதற்கு ஓர் ஆளும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, பாடசாலை மண்டபத்தில் கிடைக்கும் அந்தப் பாடவேளையை விட்டால் வேறு வழியே கிடையாது.

குருவிடம் கற்க வேண்டிய கலை என்று உங்கள் கணவர் சொல்வதை மதிக்கிறேன். ஆயினும் குருவின் வீட்டிலிருந்து நிறுவனத்துக்குள் இந்த நடனம் வந்து நெடுங்காலமாகிவிட்டது. 1936 இல் ருக்மிணி தேவி சென்னையில் கலாக்ஷேத்திரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கியபோதே அந்த மாற்றம் நிகழ்ந்துவிட்டது. இணுவில் வீரமணி ஐயர் அங்கே பயின்று திரும்பி, இங்கே ஆசிரியர்களை உருவாக்கினார். மருதனார்மடத்தில் 1960 இல் தொடங்கப்பட்டு, 1975 இல் யாழ்ப்பாணத்தின் பல்கலைக்கழக வளாகத்துடன் இணைக்கப்பட்ட இராமநாதன் நுண்கலைக்கழகத்திலிருந்து வெளியேறியவர்களே இன்று எங்கள் பாடசாலைகளிற் பெரும்பாலும் கற்பிக்கிறார்கள். தனிப்பட்ட முறையில் வகுப்பு நடத்தும் குருமாரிலும் பலர் அதே வழியில் வந்தவர்கள்தாம். ஆகவே குருவா, பாடசாலையா என்று பிரித்து ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய தேவை யாழ்ப்பாணத்தில் இல்லை.

2025 பெப்ரவரி 4

நாற்பது நிமிடம் போதாது என்ற குறை நியாயமானது. மணி அடித்ததும் பிள்ளைகள் மண்டபத்துக்கு வந்து, முந்திய நாட் கூட்டத்துக்குப் போட்டிருந்த கதிரைகளை ஓரமாக்கி, பயிற்சி உடைக்கு மாறி, தட்டிக் கும்பிட்டு நிற்கும்போது பாடவேளையின் கணிசமான பகுதி போய்விடும். எஞ்சும் நேரத்தில் உடலைச் சூடாக்காமல் அடிப்படை ஆட்ட அசைவுகளான அடவுகளுக்கு நேரடியாகப் போனால் நோவு வரும். சூடாக்கினால் அடவுக்கு நேரம் கிடைக்காது. இதற்கு எனக்குத் தெரிந்த தீர்வு, கிழமையில் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் பாடவேளைகளில் இரண்டையாவது அடுத்தடுத்து வைப்பதாகும். நேரசூசி தயாரிக்கும் ஆசிரியரிடம் ஆண்டின் தொடக்கத்திலேயே சென்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் இடம் ஒதுக்கிய பின் மிஞ்சியதை வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் கிடைக்காது.

குறைந்த நேரத்திலும் கற்பிக்கக்கூடியவை உண்டு. தரம் 6க்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்பிப்பது நிற்பதைத்தான். பாதம் முழுவதும் நிலத்தில் பதிய, முதுகு நேராக, தோள்கள் இறுகாமல் நிற்க ஒரு தவணை முழுவதும் முயல வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அதன் பின்னரே முழங்கால்களை மடித்துப் பாதி தாழ்ந்து நிற்கும் அரைமண்டி. அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிய வேண்டும். அந்த விரிவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திறவாத பிள்ளை பாதங்களை மட்டும் வலிந்து வெளியே திருப்பினால், முழங்கால்கள் உட்பக்கமாகச் சாய்ந்து உடலின் சுமை முழுவதும் அந்த மூட்டின் உட்புறத்தில் இறங்கும். போட்டிக்கு ஆயத்தப்படுத்தும் அவசரத்தில் “இன்னும் இரு, இன்னும் தாழ்ந்து இரு” என்று அதட்டுவதால் வரும் கேடு இது. முழங்கால் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையையே கால்விரல்களும் பார்க்கட்டும். தாழ்வது பிறகு தானாக வரும்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மண்டபங்கள் சீமெந்துத் தரை, அல்லது இப்போது மாபிள் பதித்த தரை. வெறுங்காலுடன் அதில் ஓங்கித் தட்டும் பிள்ளைக்குக் குதிகாலும் கணைக்காலும் நோகும். தட்டின் தெளிவு பாதம் தட்டையாக விழுவதிலிருந்து வருகிறது. பலத்தைக் கூட்டுவதால் அது வருவதில்லை. இதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

2025 பெப்ரவரி 5

கணித ஆசிரியர் ஐயா ஒருவர், நடனம் பாட இணைச் செயற்பாடாக இருந்தாற் போதும், பாடமாக வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறார். பாட இணைச் செயற்பாடு என்றால் விரும்பியவர் மட்டும் பாடசாலை முடிந்த பின் நிற்பது. மூன்று மணிக்குத் தனியார் கல்வி நிலையத்துக்கு ஓடும் பிள்ளைகளில் எத்தனை பேர் நிற்பார்கள்? தம்பி தங்கையைப் பார்க்க வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளை எப்படி நிற்கும்? நேரசூசிக்குள் இருப்பதனாலேயே அந்தப் பிள்ளை மண்டபத்துக்கு வருகிறது.

ஐயாவின் பாடத்துக்கு அருகில் உள்ள ஒன்றையும் சொல்லி விடுகிறேன். பாதத்தைத் தட்டிப் பழகும் தட்டடவை முதற் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், தாளத்தின் ஓர் எண்ணிக்கையான அட்சரத்துக்கு ஒரு தட்டாகவும், இரண்டாங் காலத்தில் இரண்டாகவும், மூன்றாங் காலத்தில் நான்காகவும் ஆடுவோம். கையிலுள்ள தாளத்தின் வேகம் மாறாது. கையில் நான்கு நான்காகத் தாளம் போட்டுக்கொண்டு காலில் மூன்று மூன்றாகத் தட்டச் சொன்னால், இரண்டும் பன்னிரண்டாம் எண்ணிக்கையிற் சேரும். பொது மடங்குகளுட் சிறியதை வகுப்பறையில் விளங்கிக்கொள்ளத் தடுமாறிய பிள்ளைகள் அந்த இடத்தில் முகம் மலர்ந்ததைக் கண்டிருக்கிறேன். இருந்தாலும், கணிதத்துக்கு உதவுகிறது என்பதற்காக நடனத்தை வைத்திருக்கச் சொல்லும் வாதத்தை நான் முன்வைக்க மாட்டேன். நாளைக்கு அதைவிட நன்றாக உதவும் வேறொன்று வந்தால் நடனத்தை எடுத்து விடலாம் என்று அது முடியும்.

2025 பெப்ரவரி 9

பரீட்சை பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். கேள்வி கேட்ட தாய்க்குரிய நேரடியான பதிலும் இதில் அடங்கும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

தரம் 6 முதல் 9 வரை ஒவ்வொரு பிள்ளையும் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றுள் ஒன்றைக் கற்க வேண்டும். தரம் 10 இல் ஆறு கட்டாயப் பாடங்களுடன் தொகுதிப் பாடங்கள் மூன்று சேர்கின்றன. அவற்றில் இரண்டாம் தொகுதியில் இந்த அழகியற் பாடங்களும் இலக்கியப் பாடங்களும் ஒன்றாக இருக்கின்றன. ஆகவே தரம் 9 வரை நடனம் கற்ற பிள்ளை, தரம் 10 இல் “எதில் ஏ எடுப்பது இலகு?” என்ற கேள்விக்கு முகங்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்பது ஏ என்ற எண்ணிக்கையைச் சுற்றி எங்கள் சமூகம் கட்டி வைத்திருக்கும் பெருமையில் முதலில் அடிபடுவது அழகியற் பாடங்களே.

நடனத்துக்கு எழுத்துப் பரீட்சையும் செயன்முறைப் பரீட்சையும் உண்டு. செயன்முறைக்கு வெளியிலிருந்து பரீட்சகர்கள் வருவார்கள். கொரோனாக் காலத்தில் செயன்முறைப் பரீட்சைகளை நடத்த இயலாமற் போனதால், 2020 ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பெறுபேறுகள் 2021 செப்டெம்பரில் அழகியற் பாடங்களின் பெறுபேறுகள் இல்லாமலே வெளியாகின. அந்த நாட்களில் என் மாணவிகள் பட்ட மனத்தவிப்பைப் பார்த்தபோது, இந்தப் பாடத்துக்கு உயிர் எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் எங்களைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்று விளங்கிற்று. எழுத்து வினாத்தாளை அவர்கள் ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். ஆனாலும் ஆடிக் காட்டாமல் முடிந்துவிடுமோ என்பதே அவர்களின் கவலையாக இருந்தது.

மனனம் செய்யும் பகுதியையும் இந்த இடத்திற் பேச வேண்டும். அபிநய தர்ப்பணம் என்ற நடன நூல் கூறும் ஒற்றைக் கைகள், அதாவது ஒரு கையாற் காட்டும் முத்திரைகள், 28. ஒவ்வொன்றுக்கும் பயன்பாடுகள் உண்டு. பதாகம் என்ற ஒரு கையினாலேயே முகில், காடு, இரவு, ஆறு, குதிரை, காற்று என்று பலவற்றைக் காட்டலாம். பிள்ளைகள் இவற்றைச் சுலோகமாகப் பாடமாக்குகிறார்கள், வினாத்தாளில் எழுதுகிறார்கள், மறந்துவிடுகிறார்கள். நான் இதை வேறு விதமாகச் செய்வதுண்டு. “காற்றைக் காட்டு” என்று மட்டும் சொல்வேன். கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி “எந்தக் காற்று, ரீச்சர்?” என்று கேட்டாள். சோளகம், வாடை, கச்சான் என்ற மூன்று காற்றுகளையும் ஒரே பதாகக் கையினால், ஆனால் வெவ்வேறு திசையிலும் வேகத்திலும் உடற்சாய்விலும் காட்டினாள். வாடையைக் காட்டும்போது தோள் தானாகக் குறுகியது. அவள் கண் கையைப் பின்தொடர்ந்தது. அதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. வெளி வகுப்பிற் பல தரங்கள் சித்தியடைந்த மாணவிகள் அன்று அவளைப் பார்த்து ஆடிப் பழகினார்கள்.

ஒரே வகுப்பில் வெளியிற் கற்றவர்களும் கல்லாதவர்களும் கலந்திருப்பது நடன ஆசிரியருக்கு உண்மையான சிக்கல். சங்கீத சபையின் நான்காந் தரம் சித்தியடைந்த பிள்ளையும் தட்டடவில் தடுமாறும் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பார்கள். முன்னவரை முன்வரிசையில் நிறுத்தி, அவரைப் பார்த்து ஆடும்படி மற்றவர்களுக்குச் சொல்வது வழக்கம். இதனாற் பின்வரிசைப் பிள்ளை ஆண்டு முழுவதும் பிறர் முதுகைப் பார்த்தே ஆடுகிறது. முன்வரிசைப் பிள்ளைக்கோ புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளையிடம் தாளம் தட்டும் தட்டுக்கழியைக் கொடுத்து, ஆட்டத்துக்குரிய தாளச் சொற்களான சொற்கட்டைச் சொல்ல வையுங்கள். ஆடத் தெரிந்தும் சொல்லத் தெரியாத பிள்ளைகள் ஏராளம். சொல்லும்போது தான் இதுவரை எங்கே அவசரப்பட்டது என்பது அதற்குப் புலப்படும். மற்றப் பிள்ளைகளும் முன்னுக்கு வரலாம்.

தாயே, உங்கள் மகள் நடனத்தையே எடுக்கட்டும். தமிழ் இலக்கியம் படிக்க விரும்பினால் அவள் எந்த வயதிலும் புத்தகத்தை எடுத்துப் படிக்கலாம். பதினைந்து வயதில் உடல் கற்கக்கூடியதை முப்பதில் அதே இலகுவுடன் கற்க முடிவதில்லை. எடுப்பதற்கு முன் பாடசாலையிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: தரம் 10, 11 இரண்டுக்கும் நடன ஆசிரியர் நிலையாக இருப்பாரா, மண்டபம் பாடவேளையில் வகுப்புக்குக் கிடைக்குமா, செயன்முறையை இரண்டு ஆண்டும் தொடர்ந்து செய்விக்கிறார்களா அல்லது பரீட்சைக்கு முன் அவசரமாக ஆயத்தப்படுத்துகிறார்களா.

2025 பெப்ரவரி 13

பாடசாலை விளையாட்டு விழாவான இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம். நடன ஆசிரியைகளுக்கு இது எத்தகைய காலம் என்பதை அறிந்தவர்கள் அறிவார்கள்.

விருந்தினரை வரவேற்க ஒரு நடனம், இடைவேளையில் ஒரு நடனம், சில கிழமை கழித்துப் பரிசளிப்பு விழாவுக்கு இன்னொன்று. “ரீச்சர், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று போடுங்கோ, வெள்ளிக்கிழமைக்கு வேணும்” என்று திங்கட்கிழமை சொல்லப்படும். யாரை எடுப்பது? ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களை. எந்த நேரத்திற் பழக்குவது? தரம் 7, 8 பிள்ளைகளின் பாடவேளையில். அவர்கள் மண்டபத்தின் ஓரத்தில் இருந்து, பாடக் கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டு, மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பார்கள். நான் முன்னர் பணியாற்றிய ஒரு பாடசாலையில் ஒரு தவணையின் பெரும்பகுதி இவ்வாறே சென்றது. தவணை முடிவில் அந்தப் பிள்ளைகளுக்கு நடனத்துக்குப் புள்ளி போட வேண்டியிருந்தது.

தமிழ்மொழித் தினப் போட்டியைப் பற்றியும் இதே மனவருத்தம் எனக்கு உண்டு. பாடசாலையிலிருந்து கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறிச் செல்லும் அந்தப் போட்டிகள் பல பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டியிருக்கின்றன. அவற்றை வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பாடசாலையின் நடனக் கல்வி எவ்வாறிருக்கிறது என்பதை அந்த வெற்றிகளைக் கொண்டு அளப்பது தவறு. குழுவிலுள்ள எட்டுப் பேரும் வெளியிற் கற்றவர்களாக இருந்தால், அந்த வெற்றிக்குப் பாடசாலை செய்தது உடை வாடகை கொடுத்தது மட்டுமாகவே இருக்கக்கூடும். தரம் 8 இல் ஏதேனும் ஒரு வகுப்பைக் கூப்பிட்டு, வரிசைக் கடைசியில் நிற்கும் பிள்ளையை நாட்டடவு ஆடச் சொல்லிப் பாருங்கள். அதுவே எனக்கு அளவுகோல்.

2025 பெப்ரவரி 16

ஆண் பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இன்று நெல்லியடியிலிருந்து ஒரு தந்தை கேட்டுவிட்டார். தமது மகன் கலவன் பாடசாலையில் தரம் 6 இல் நடனம் கற்க விரும்பியதாகவும், வகுப்பில் எல்லோரும் சிரித்ததாகவும், சித்திரத்துக்கு மாற்றிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். ஆண்கள் பாடசாலைகளிற் பெரும்பாலும் நடனம் ஒரு தெரிவாகவே இருப்பதில்லை. கலவன் பாடசாலைகளில் இருந்தாலும் ஆண் பிள்ளைகள் வருவதில்லை.

இந்த வெட்கம் எங்களுடைய பழைய வழக்கம் அல்ல. வட்டுக்கோட்டையில் வடமோடி என்ற பாணியிற் கூத்து ஆடியவர்கள் ஆண்கள். பாஷையூரிலும் குருநகரிலும் கத்தோலிக்கக் கூத்துகளை ஆடி வந்தவர்கள் கடலுக்குப் போகும் ஆண்கள். காத்தவராயன் கூத்தில் கதாநாயகி ஆரியமாலையாக வந்தவரும் ஆண்தான். காலிற் சதங்கை கட்டி, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கும் தாளத்துக்கும் ஏற்ப விடியும்வரை ஆடியவர்களை எவரும் கேலி செய்ததில்லை. பரதத்தின் வரலாற்றிலும் ஆட்டத்தைப் பழக்கி நடத்திய நட்டுவனார்கள் ஆண்களே; அலாரிப்பு முதல் தில்லானா வரையான கச்சேரி ஒழுங்கை 19 ஆம் நூற்றாண்டில் அமைத்தவர்கள் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள். தெற்கே கண்டிய நடனம் தலைமுறை தலைமுறையாகத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற கலை. அங்கே பாடசாலைகளில் ஆண் பிள்ளைகள் பெருமையுடன் ஆடுகிறார்கள்.

ஆகவே அந்தத் தந்தைக்கு என் கருத்து: மகனை மீண்டும் நடனத்துக்கு அனுப்புங்கள்; அனுப்புமுன் ஆசிரியையுடன் பேசுங்கள். ஒரே ஒருவனாக வரும் ஆண் பிள்ளையை முதல் நாளிலேயே பெண் பிள்ளைகளின் வரிசை நடுவில் நிறுத்திப் பூப்பறிக்கும் அபிநயம் செய்யச் சொல்லக் கூடாது. கிராமிய நடனங்களும் பாடத்தில் உண்டு. கோலாட்டத்தில் தொடங்கலாம், கூத்தின் தாளக்கட்டுகளில் தொடங்கலாம். இரண்டு தவணைக்குப் பின் அந்தப் பிள்ளை தட்டடவுக்கு வந்துசேரும். நான் கற்பித்த ஆண் பிள்ளைகள் மிகச் சிலர். அவர்களில் எவரும் இடையில் விட்டுப்போகவில்லை.

2025 பெப்ரவரி 17

நேற்றைய குறிப்புக்கு ஒருவர், கூத்து நாடகமே தவிர நடனம் அல்ல, அதைப் பரதப் பாடத்துடன் கலப்பது பிழை என்று எழுதியிருக்கிறார். இது சரியன்று. வடமோடிக் கூத்திலிருந்து ஆட்டத்தை எடுத்துவிட்டால் கூத்தே இல்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் கர்ணன் போர் என்ற கூத்தையும் 1964 இல் இராவணேசன் என்ற கூத்தையும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடையேற்றியபோது, விடிய விடிய நடந்த கூத்தைச் சுருக்கினாரே தவிர, ஆட்டத்தைக் கைவிடவில்லை. பாத்திரம் அரங்குக்கு வரும் வரவாட்டத்தைக் கொண்டே அது அரசனா, அரக்கனா, பெண்ணா என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். இதை நாடகமும் அரங்கியலும் பாடத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்க நடன ஆசிரியர்கள் ஏன் உடன்பட வேண்டும்?

2025 பெப்ரவரி 27

நேற்றுச் சிவராத்திரி. எங்கள் ஊர்க் கோயிலில் இரவு முழுவதும் பிள்ளைகளின் நிகழ்ச்சிகள் நடந்தன. மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாஷையூர்த் தாய் ஒருவர் சில நாட்களுக்கு முன் எழுதிய கேள்வி மனத்திலிருந்து அகலவில்லை: பரதத்தில் வரும் பாடல்கள் எல்லாம் சிவனையும் முருகனையும் கண்ணனையும் பற்றியவை என்றால், கிறிஸ்தவப் பிள்ளை என்ன செய்வது?

அடவுக்குச் சமயம் இல்லை. சொற்கட்டுக்கும், சுரங்களுக்கு மட்டும் ஆடும் ஜதீஸ்வரத்துக்கும் இல்லை. பாடலின் சொற்களான சாகித்தியம் வரும் இடத்தில்தான் இந்தக் கேள்வி எழுகிறது. யாழ்ப்பாணத்தில் இதற்கு விடை தேடியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 1965 இல் நீ. மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் கிறிஸ்தவக் கருப்பொருள்களை எங்கள் ஆட்ட, பாட்டு மரபுகளிலேயே மேடைக்குக் கொண்டுவந்தது. கத்தோலிக்கப் பாடசாலைகளில் நடன ஆசிரியைகள் பதங்களையும் கீர்த்தனங்களையும் அவ்வாறே தெரிந்தெடுக்கிறார்கள். பரீட்சைக்குரிய உருப்படிகளில் ஆசிரியரால் மாற்றம் செய்ய முடியாது. தரம் 6 முதல் 9 வரையாவது வகுப்பிலுள்ள பிள்ளைகள் யார் என்று பார்த்துப் பாடலைத் தெரிவு செய்ய முடியும். பாரதியின் பாட்டு இருக்கிறது, அறுவடைப் பாட்டு இருக்கிறது, மழையும் கடலும் பனையும் இருக்கின்றன.

வகுப்புத் தொடக்கத்தில் செய்யும் நிலவணக்கத்தை எந்தப் பிள்ளையையும் விலக்காமல் செய்விக்கலாம். நாங்கள் தட்டப்போகும் தரையை முதலில் தொட்டு வணங்குகிறோம் என்று சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் குனிகிறார்கள்.

2025 மார்ச் 3

தரம் 8 இல் வகுப்பு சுருங்கும். நடன ஆசிரியைகள் எல்லோரும் இதைக் காண்கிறார்கள். வெளிப்படையாகப் பேசுவது குறைவு. பிள்ளை பெரியவளானதும் சில கிழமை வரமாட்டாள். திரும்பி வரும்போது “அம்மா நடனம் வேண்டாமாம்” என்பாள். மண்டபத்தின் சன்னல்கள் வீதியைப் பார்க்கின்றன என்பது ஒரு காரணம். பயிற்சி உடை இன்னொரு காரணம். உடல் மாறும்போது அந்தப் பிள்ளைக்கே வரும் கூச்சம் யாவற்றிலும் பெரியது. இவற்றில் முதலிரண்டையும் பாடசாலை சரிசெய்யலாம். சன்னலுக்குத் திரை போடுவதற்குப் பெரிய நிதி வேண்டாம். தளர்வான பருத்திப் பஞ்சாபி உடையும் துப்பட்டாவை இறுக்கிக் கட்டுவதும் அரைமண்டிக்குப் போதுமானவை. சேலைதான் வேண்டும் என்று தரம் 8 பிள்ளையிடம் கேட்க வேண்டியதில்லை. திருத்துவதற்குப் பிள்ளையின் உடலைத் தொடும் முன் கேட்டுவிட்டுத் தொடுவதை ஆசிரியர் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். முழங்கையை உயர்த்தத் தட்டுக்கழியைத் தோளுயரத்தில் நீட்டிப் பிடித்து “இதைத் தொடு” என்றாலே கை உயரும்.

மூன்றாவது காரணத்துக்குக் காலம் வேண்டும். பதின்மூன்று வயதில் தன் உடலை மறைத்துக்கொள்ளப் பழகும் பிள்ளைக்கு, நிமிர்ந்து நிற்கும் இடம் ஒன்று நேரசூசிக்குள் இருக்கட்டும். நடனத்தைப் பாடமாக வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குரிய காரணங்களில் இதை எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

2025 மார்ச் 9

பாடவேளை பற்றி எழுதியதுடன் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இளம் ஆசிரியை ஒருவர், மண்டபத்தில் ஒலிபெருக்கி இல்லை, கைத்தொலைபேசியில் பாட்டுப் போட்டால் பின்வரிசைக்குக் கேட்பதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்.

குரல் இருக்கிறது, தட்டுக்கழி இருக்கிறது. போர் நடந்த 90களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மின்கலமும் கிடைக்காது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ஒலிநாடாவைக் கேட்டோம். அதை வகுப்புக்குக் கொண்டுவர முடியாது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் மாலை நேரத்தில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். நடன ஆசிரியை மணல் முற்றத்தில் எங்களை நிறுத்தி, ஒரு மரக்கட்டையில் தட்டி, தாமே சொற்கட்டுச் சொல்லி, தாமே பாடினார். மணலில் தட்டினாற் சத்தம் வராது. சத்தம் வராததால் ஒவ்வொருவரும் மற்றவரின் காலைப் பாராமல் ஆசிரியையின் குரலையே கேட்டு ஆட வேண்டியிருந்தது. தாளத்தின் வேகத்தை மாறாமற் பேணும் காலப்பிரமாணம் எனக்குப் பிடிபட்டது அந்த முற்றத்திலேயே. அந்தத் துயரத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. வீடு வாசல் இழந்து வந்த பிள்ளைகள் நாங்கள். ஒலிப்பதிவு இல்லாமல் ஒரு வகுப்பு நடக்கும் என்பதற்கே சொல்கிறேன்.

ஒலிப்பதிவு மட்டுமே பழகிய பிள்ளைக்கு வரும் கேடு ஒன்று உண்டு. பதிவு பிள்ளைக்காக நிற்காது. தடுமாறிய இடத்தில் நிறுத்தி, அந்த ஒரு தாளச் சுற்றை, ஆவர்த்தனத்தை, மட்டும் மெதுவாகத் திரும்பச் சொல்வதற்கு ஆசிரியரின் குரல் வேண்டும். தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கத்தைப் பல்கலைக்கழகத்திற் கற்றுவிட்டுப் பாடசாலையிற் கைத்தொலைபேசியை மட்டும் நம்பும் இளம் ஆசிரியர்கள், தமக்குத் தெரிந்ததைத் தாமே பயன்படுத்தாமல் விடுகிறார்கள்.

2025 மார்ச் 16

யாழ்ப்பாணத்தின் தீவகத்திலிருந்து ஓர் அதிபர் எழுதியிருக்கிறார். அவருடைய பாடசாலை சிறியது. நடனத்துக்கு ஆசிரியர் இல்லை. அழகியற் பாடமாகச் சித்திரம் மட்டுமே இருக்கிறது. மறுபுறம், நடனத்திற் பட்டம் பெற்று நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பவர்களை நாங்கள் எல்லோரும் அறிவோம். உயர் தரத்தில் நடனத்தை எடுத்து, உளச்சார்புப் பரீட்சையிலும் தெரிவாகி, நான்கு ஆண்டுகள் கற்று வெளியேறிய பிள்ளைகள் அவர்கள். நியமனம் அரசின் பொறுப்பு. அதற்காகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடிய ஒன்றை அந்த அதிபருக்கு எழுதியிருக்கிறேன். மற்றவர்களுக்கும் உதவலாம் என்பதால் இங்கும் இடுகிறேன். அருகருகேயுள்ள இரண்டு சிறிய பாடசாலைகள் ஒரே நடன ஆசிரியரை நாட்களைப் பிரித்துப் பகிர்ந்துகொள்ள வலயக் கல்விப் பணிமனையிடம் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். அவ்வாறு பகிரும்போது, ஒரு பாடசாலைக்குரிய பாடவேளைகள் எல்லாம் ஒரே நாளில் இரட்டைப் பாடவேளைகளாக அமைய வேண்டும். இல்லாவிட்டால் ஆசிரியரின் நேரம் பேருந்துக்கும் படகுக்கும் காத்திருப்பதிலேயே போய்விடும். தரம் 6, 7 இரண்டையும் ஒன்றாக ஒரே மண்டபத்தில் எடுக்கலாம். தட்டடவுக்கும் நாட்டடவுக்கும் அந்த ஒரு வயது வேறுபாடு தடையாகாது. தரம் 10 ஐ முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டாம். தரம் 6 இல் தொடங்கிய பிள்ளைகள் அங்கே வந்து சேரும் ஆண்டிற் பரீட்சைக்குப் பதிவு செய்யலாம். ஆசிரியரின் வரவும் பாடக் குறிப்பும் எந்தப் பாடசாலையில் மேற்பார்வை செய்யப்படும் என்பதை முதலிலேயே இரு அதிபர்களும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். இத்தகைய ஒழுங்கை வேறு வலயத்தில் ஏற்கெனவே நடத்திப் பார்த்த அதிபர்களோ ஆசிரியர்களோ இருந்தால், விண்ணப்பத்தை எவ்வாறு எழுதினீர்கள் என்பதை இந்த இழையிலேயே எழுதுங்கள்.